தீ எடுக்க வந்தவள்

விளக்கைச் சற்றுத் தாழ்த்துங்கள். அணைக்க வேண்டாம்... தாழ்த்தினால் போதும். கதவோரம் இருப்பவர்கள் உள்ளே நகர்ந்து உட்காருங்கள். கம்பளி எல்லோருக்கும் எட்டும். சொல்லப்போவது எங்கோ பெயர் தெரியாத ஊரில் நடந்ததன்று. லாரி ஓட்டும் தோக்தோசுனை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அவனுடைய சித்தி மகள் ஜிபாருக்கு நேர்ந்தது இது. அவளே அவனிடம் சொன்னாள். ஒரே ஒரு முறை சொன்னாள்.

அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணி பத்து நிமிடம். நாரின் நகரச் சந்தையிலிருந்து சாரி-புலாக் ஊருக்குத் திரும்பும் பழைய மலைச்சாலை. புதுச்சாலை வந்த பிறகு அந்த வழியில் ஆட்டு மந்தைகள்கூடப் போவதில்லை. அன்று புதுச்சாலையில் பாறை சரிந்து கிடந்ததால் ஒரு சிறிய சரக்கு வண்டி பழைய சாலையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் ஜிபாரின் கணவன் சமூதின். அருகில் ஜிபார். நடுவில் ஆறு வயது மகள் மேரிம், பாதித் தூக்கத்தில்.

வண்டியின் பின்புறம் காலியாக இருந்தது. சண்டை அதைப் பற்றித்தான். ஜிபார்தான் தொடங்கினாள்.

"நாலு மணி நேரம் சந்தையச் சுத்தியாச்சு. ஒரு அடுப்பு வாங்கத் துப்பில்ல நமக்கு."

"அதெல்லாம் அடுப்பா? எண்ணெய் டின்ன வெட்டி நாலு கால ஒட்டவச்சிருக்கான். நம்ம கொப்பரைய ஏத்தினா மண்டி போட்டு உக்காந்துடும்."

"அந்தச் சக்கரம் வச்சது நல்லாத்தானே இருந்துச்சு?"

"அடுப்புக்கு எதுக்குச் சக்கரம்? அது எங்க போகப் போகுது?"

"எங்கயாச்சும் போகட்டும். நம்மள மாதிரி ஒரே வீட்டுல எட்டு வருஷம் குந்திக் கெடக்காம."

சமூதின் கியரை மாற்றி வண்டியை விரட்டினான். பேச முடியாத இடத்தில் அவள் கை வைத்துவிட்டாள்.

எட்டு வருடம் அவர்கள் சமூதினின் அண்ணன் மிர்சாவின் வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டின் ஆட்சி அண்ணி சுயும்கானுடையது. விடியும் முன் எழுந்து சாம்பல் அள்ளுவது, வறட்டி சுமப்பது, விருந்தினர் எல்லோரும் தின்று முடித்தபின் கொப்பரையைத் தேய்ப்பது... ஜிபாரின் எட்டு வருடமும் அந்த முற்றத்து அடுப்பைச் சுற்றியே கழிந்தது. இப்போது ஊரின் கிழக்கு முனையில் மூன்று அறைகளோடு ஒரு வீடு கட்டியாகிவிட்டது. உள்ளே குளிருக்கு இரும்புக் கணப்பும் வைத்தாயிற்று. ஆனால், வீட்டுக்குள் எத்தனை கணப்பு இருந்தாலும், முற்றத்தில் ஒரு திறந்த அடுப்பும் அதன்மேல் பெரிய கொப்பரையும் இல்லாதவரை அதை வீடு என்று அங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பிறப்புக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் கறி வேகுமிடம் முற்றம்தான்.

அந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று, பத்துப் பன்னிரண்டு பெண்கள் கேட்கும்படி சுயும்கான் சொன்னாள்:

"போங்க, நல்லாப் போங்க. சனிக்கிழமை நாங்க வர்றோம். உங்க முத்தத்துல, உங்க அடுப்புல, ஒரு வேளை கறி ஆக்கிப் போடுங்க பார்ப்போம். இல்லேன்னா வெக்கப்படாம திரும்பி வந்துடு ஜிபார். என் அடுப்புச் சாம்பல அள்ளவும் ஆள் வேணுமில்ல?"

பெண்கள் சிரித்தார்கள். மிர்சா அண்ணன் சிரிக்கவில்லை, தலையாட்டினார். அதுதான் மோசம். அவர் தலையாட்டினால் சமூதின் திரும்பிப் போய்விடுவான். திரும்பிப் போனால் இந்தப் பிறவியில் மறுபடி வெளியே வர முடியாது. ஜிபாருக்கு அது நன்றாகத் தெரியும்.

சாலை ஒரு வளைவு திரும்பியது. கூட்டுப் பண்ணைக் காலத்தில் ஆட்டு மயிர் கத்தரித்த நிலையம் அங்கே இருக்கிறது. கூரை போய் எத்தனையோ வருடம்... சன்னல்களில் மரச்சட்டம்கூட மிச்சமில்லை. அதன் முற்றத்தில், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே, சாலையைப் பார்த்தபடி அது நின்றது.

ஓர் அடுப்பு.

கனத்த வார்ப்பிரும்பு. இடுப்பளவு உயரம். கொப்பரை அமர்வதற்கு வட்டமான வாய். முன்புறக் கதவில் ஆட்டுக்கிடாயின் கொம்பு போன்ற சுருள் வேலை. துரு இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

சமூதின் வண்டியை நிறுத்தினான். "பாத்தியா? இதுக்குப் பேரு அடுப்பு."

"இது இங்க எப்பத்திலேர்ந்து இருக்கு?"

"நமக்கு எப்படித் தெரியும்? நாம என்ன தினமும் இந்த வழியாவா வர்றோம்?"

அவன் இறங்கிப் போய்க் கதவில் கை வைத்தான். உடனே கையை எடுத்தான். "இளஞ்சூடா இருக்கு. வெயில்ல நின்ன இரும்பு."

"மூணு நாளா வெயிலே இல்லையே, மேரிம் அப்பா."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. இடிந்த சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தான். ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. கதைகளில் மூன்றாம் அழைப்புக்காவது யாராவது வெளியே வருவார்கள். இங்கே யாரும் வரவில்லை. காற்று நின்றிருந்தது. ஈரக் கம்பளியின் வாடை மட்டும் எங்கிருந்தோ வந்தது. மயிர் கத்தரித்த இடமல்லவா, வரத்தானே செய்யும் என்று ஜிபார் தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிறகு நினைத்துப் பார்த்தாள்... அங்கே கடைசி ஆடு கத்தரிக்கப்பட்டபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.

நான்கு ஆள் தூக்க வேண்டிய பாரம் அது. இருவரே தூக்கினார்கள். அவன் ஒரு புறம், அவள் ஒரு புறம். எங்கிருந்தோ மூன்றாவதாக ஒருவர் கை கொடுத்ததைப் போல், அவ்வளவு இலேசாக எழும்பி வண்டியில் ஏறியது.

வீட்டில் இறக்கும்போது ஐந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். கயிறு ஒன்று அறுந்தது.

*

மறுநாள் காலை கொத்தனார் சப்பார் வந்தார். அறுபது வயது, ஊரில் பாதி அடுப்பு அவர் கட்டியது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"கேளும்மா, அடுப்புல மூணு வகை. முதலாவது குழி அடுப்பு. மண்ணத் தோண்டி, மேல கொப்பரைய வச்சா முடிஞ்சுது. காத்து அண்டாது, வெறகும் கம்மி."

அதையே வைக்கலாமே என்றாள் ஜிபார். அவர் மண்வெட்டியால் ஒரு முழம் வெட்டினார். அடியில் வாய்க்கால் தண்ணீர் ஊறி வந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுல கறி ஆக்க முடியாது. மீன் வளக்கலாம்."

"செங்கல்?"

"செங்கல் அடுப்புதான் ராஜா. இன்னிக்குக் கட்டித் தர்றேன். ஆனா அடுத்த புதன்கிழமை வரைக்கும் காயணும். ஈரத்துல தீ மூட்டினா, சனிக்கிழமை உன் ஓரகத்தி முன்னாடியே டமார்னு வெடிக்கும். அவளுக்கு அத விடப் பெரிய விருந்து ஏது?"

மீதி இருந்தது இரும்பு அடுப்பு. சப்பார் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டினார். வார்ப்பிரும்பைத் தட்டினால் 'ணங்' என்று சொல்ல வேண்டும். இது 'ம்' என்றது... கூப்பிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ சொல்வதைப் போல.

அவர் கதவைத் திறந்தார். உள்ளே விளிம்புவரை சாம்பல். வெண்மையாக, மெத்தென்று, சலித்த மாவைப் போல.

"எங்க கெடைச்சுது இது?"

சமூதின் சொன்னான்.

"சாம்பல அள்ளாம எந்தப் பொம்பளையாவது வீட்டக் காலி பண்ணுவாளா?"

"மறந்திருப்பாங்க, அண்ணே."

"சட்டிய மறப்பாங்க. புருஷனக்கூட மறப்பாங்க. சாம்பல மறக்க மாட்டாங்க. அள்ளாம விட்டுட்டுப் போனா, இதோ வந்துடறேன்னு அர்த்தம்." அவர் கதவை விரல் நுனியால் சாத்தினார். "நரி ஒண்ணு குளிருக்கு எடம் தேடி அலைஞ்சுதாம். நல்ல வளை ஒண்ணு, வாசல் தெறந்து கெடந்துதாம். உள்ள வைக்கோல் மெத்தை, கதகதப்பு. 'ஆகா, யாரோ புண்ணியவான் எனக்காகவே கட்டி வச்சிருக்கான்'னு உள்ள போய்ப் படுத்துச்சாம்."

"அப்புறம்?" என்று கேட்டாள் மேரிம்.

"அப்புறமென்ன. வளை வாய மூடிக்கிச்சு."

சமூதின் உரக்கச் சிரித்தான். "பயமுறுத்தி செங்கல் விக்கப் பாக்குறீங்க."

"நான் செங்கலும் விக்கல, இதத் தொடவும் மாட்டேன். உங்க வீடு, உங்க இஷ்டம்." சப்பார் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

அவர் போய்விட்டார். ஜிபார் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனத்தில் அப்போது பேயோ பிசாசோ இல்லை. சுயும்கான்தான் இருந்தாள். யாரும் போகாத சாலையில், துருப்பிடிக்காத அடுப்பு, இவர்கள் சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் நேரம் பார்த்து... வைத்தது யார்? சனிக்கிழமை கறி வெந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, எவளோ ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, 'இது என் அடுப்பு, திருடிட்டு வந்துட்டாங்க' என்று மார்பில் அடித்துக்கொண்டால்? சுயும்கானுக்கு அப்படி ஒருத்தியைப் பிடிப்பது கடினமா என்ன? நினைக்க நினைக்க அது உறுதி என்றே பட்டது.

சரி. எவளாவது வந்து கேட்டால், சண்டை போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவது. கேட்கும்வரை இது என் அடுப்பு.

"இதையே வைங்க," என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னது அவள்தான். பிற்பாடு தோக்தோசுனிடம் பேசியபோது இந்த இடத்தை மட்டும் அவள் மூன்று தரம் சொன்னாளாம்.

சாம்பலை அவளே அள்ளினாள். யார் காலும் படாத இடமாகப் பார்த்து, பின்சுவரின் அடியில் கொட்டினாள். மேல் சாம்பல் குளிர்ந்திருந்தது. நடுவில் கை போனபோது... கதகதவென்று இருந்தது. ஆள் எழுந்து போன படுக்கையின் சூடு.

*

வியாழக்கிழமை முதல் தீ. ஆட்டு வால் கொழுப்பில் ஒரு துண்டை நெருப்பிலிட்டு, வழக்கப்படி வணங்கினார்கள். அடுப்பு அழகாக இழுத்தது. தீ நிமிர்ந்து எரிந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு மூடிய பாத்திரத்தில் ஏதேனும் சமைத்து எடுத்து வருவது அங்கே முறை. இரண்டு நாளாக ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தார்கள். ஜிபார் கதவைத் தாழிடவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை. சமூதின் ஆடு வாங்கப் போயிருந்தான். மறுநாள் விருந்துக்காக ஜிபார் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன மாவுத் துண்டுகள் எண்ணெயில் விழுந்து, உப்பி, பொன்னிறமாகும். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். ஓயாத மழைச் சத்தம். மேரிம் பக்கத்தில் உட்கார்ந்து சூடானதை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். மலை முகட்டில் ஒரு விரல் அகலம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

ஈரக் கம்பளி வாடை வந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்துக் கதவுக்கு உட்புறம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கதவு கிறீச்சிடும் கதவு. கிறீச்சிடவில்லை.

நாற்பது வயதிருக்கும். பழைய பாணியில் தலையை இறுகச் சுற்றிய சால்வை. கால்களில் கம்பளிப் பூட்ஸ். கையில் மூடிய பாத்திரம் இல்லை. சால்வைக்கு அடியில் எதையோ பிடித்திருந்தாள்.

வந்துவிட்டாள் என்று நினைத்தாள் ஜிபார். சுயும்கான் அனுப்பிய ஆள். ஒரு நாள் முன்னதாகவே.

"வாங்க அக்கா. உக்காருங்க. தேநீர் தரேன்."

அவள் உட்காரவில்லை. அடுப்பையே பார்த்தாள்.

"ரொட்டியாவது கிள்ளிக்கோங்க." வீட்டுக்கு வந்தவர் எவ்வளவு அவசரமானாலும் ஒரு துண்டு ரொட்டியைக் கிள்ளி வாயிலிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஜிபார் தட்டை நீட்டினாள். அவள் தட்டைப் பார்க்கவும் இல்லை.

ஜிபாருக்கு எரிச்சல் வந்தது. அவசரப்படும் விருந்தாளியிடம் அந்த நாட்டில் எல்லோரும் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. பழங்காலத்தில் அடுப்பு அணைந்தவர்கள் அடுத்த வீட்டில் கங்கு வாங்கிக்கொண்டு, அது அவிந்துவிடாமல் நிற்காது ஓடுவார்களாம். அதிலிருந்து வந்தது. கேட்டதும் விருந்தாளி சிரிப்பார்; 'சரி, ஒரு கிண்ணம் குடிக்கிறேன்' என்று உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான் அதன் பொருள். யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை.

"என்ன அக்கா, நின்னுக்கிட்டே இருக்கீங்க? தீ எடுக்கவா வந்தீங்க?"

"ஆமா," என்றாள் அவள்.

எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"ஆமா. தீதான் எடுக்க வந்தேன். ஒரே ஒரு கங்கு."

ஜிபாருக்கு முதலில் தோன்றியது பயமன்று, நிம்மதி. அடுப்பைக் கேட்கவில்லை! கங்குதானே? பொழுது சாய்ந்தபின் வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். மலையைப் பார்த்தாள். முகட்டில் இன்னும் ஒரு நூலளவு வெளிச்சம்... இருப்பதாகத்தான் பட்டது.

"எடுத்துக்கோங்க," என்றாள்.

வந்தவள் சால்வையை விலக்கினாள். கையில் சிறிய இரும்புக் கரண்டி. குனிந்தாள். அடுப்புக் கதவின் கொக்கியை இடது பக்கம் தள்ளி, இலேசாகத் தூக்கித் திறந்தாள். அந்தக் கொக்கி அப்படித்தான் திறக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சமூதினுக்கு ஒரு நாள் ஆயிற்று.

ஒரு கங்கை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். சரளைக் கல்லில் காலடிச் சத்தம் இல்லை. அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் பழைய சாலைப் பக்கமாகச் சிறிது சிறிதாகப் போயிற்று.

பிறகுதான் ஜிபார் உணர்ந்தாள். அந்த மழைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. எண்ணெயில் சத்தம் இல்லை. போட்ட மாவுத் துண்டுகள் வெள்ளை வெளேரென்று மிதந்தன. ஆனால் அடுப்பில் தீ... தீ முன்னைவிட உயரமாக எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா."

திரும்பினாள். மேரிம் தன் கையைத் தீக்குள் வைத்திருந்தாள். மணிக்கட்டுவரை. விரல்களுக்கு நடுவே சுடர் ஆடிக்கொண்டிருந்தது.

"சுடலம்மா," என்றாள் குழந்தை. "கூசுது."

*

சமூதின் ஏழு மணிக்கு வந்தான். நம்பவில்லை. தீப்பெட்டியை எடுத்து உரசினான். எரிந்தது. உள்ளங்கையில் வைத்தான். எரிந்துகொண்டே இருந்தது, சுடவில்லை. வீட்டுக்குள் இருந்த கணப்பும் அப்படியே. சிவந்து கிடந்தது, சுவர்கள் சில்லிட்டிருந்தன.

"அண்ணன் வீட்டுல போய் கங்கு வாங்கிட்டு வர்றேன்," என்றான்.

"வேண்டாம்."

"ஜிபார், நாளைக்குக் காலைல வர்றாங்க. பச்சைக் கறியவா வைக்கப் போற?"

"அந்த வீட்டு நெருப்ப இந்த முத்தத்துக்குக் கொண்டு வந்தா, நாளைக்கு உங்க அண்ணி அந்த ஒரு கங்க வச்சே நம்மள இழுத்துட்டுப் போயிடுவா. அந்த அடுப்பு நின்ன பக்கமாத்தான் அவ போனா. நம்ம தீய எவ எடுத்தாளோ அவகிட்டப் போய் வாங்கிட்டு வாங்க."

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

மயிர் கத்தரித்த அந்த நிலையம் பதினோரு கிலோமீட்டர். போக அரை மணி, வர அரை மணி. எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. மேரிமை நான்கு பஞ்சு ரசாய்ப் போர்வைகளுக்குள் பொதிந்து வைத்துவிட்டு ஜிபார் கைப்பேசியில் அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தது.

யாரும் பேசவில்லை. ஆனால் சத்தம் வந்தது... எண்ணெய் பொரியும் சத்தம். விறகு வெடிக்கும் சத்தம். அதற்கு அப்பால் ஒரு பெண்குரல்.

"உக்காருங்க தம்பி. நின்னுட்டே போனா எப்படி? ரொட்டியாவது கிள்ளிக்கோங்க."

அப்புறம் சமூதினின் குரல். அவன் எந்த வீட்டிலும் மறுத்துப் பேசத் தெரியாதவன். கூச்சத்தோடு சிரித்தான். "சரிக்கா... ஒரு துண்டு மட்டும்."

"தின்னாதீங்க!" என்று கத்தினாள் ஜிபார். "மேரிம் அப்பா, வாயில வைக்காதீங்க!"

மெல்லும் சத்தம் கேட்டது. நிதானமாக. நெருக்கத்தில். பிறகு இணைப்பு போய்விட்டது.

அண்ணன் வீட்டு எண் அவள் விரல் நுனியில் இருந்தது. ஒரு முறை அழுத்தினால் மிர்சா ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார். நான்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போயிருப்பார். ஜிபார் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அது மங்கியது, தொட்டாள். மறுபடி மங்கியது, தொட்டாள்.

அழுத்தவில்லை.

*

வெளுக்கும் நேரத்தில் அவன் வந்தான். நடந்து வந்தான். கையில் அந்தச் சிறிய இரும்புக் கரண்டி. அதில் ஒரு கங்கு. பதினோரு கிலோமீட்டர் நடந்தும் அவியாமல் சிவந்திருந்தது.

"வண்டி எங்க?"

"அங்கயே இருக்கு. அது எங்க போகப் போகுது?" என்றான். அடுப்பின் முன் குனிந்தான். கொக்கியை இடது பக்கம் தள்ளி, இலேசாகத் தூக்கி, கங்கை உள்ளே போட்டான்.

கொப்பரை சடசடவென்று உயிர் பெற்றது. வீட்டுக்குள் கணப்பின் சூடு முகத்தில் அறைந்தது. ரசாய்களுக்குள்ளிருந்து மேரிம் வெளியே வந்து, "பசிக்குது," என்றாள்.

ஜிபாருக்கு அழுகை வந்தது. "அவ யாருங்க? என்ன கேட்டா?"

"நல்ல பொம்பள. தனியா இருக்கா." அவன் யோசித்தான். "ஒரு துண்டுதான் தின்னேன், ஜிபார்."

அதற்கு மேல் கேட்க நேரமில்லை. ஆடு அறுக்க வேண்டும். மாவு பிசைய வேண்டும். வேலை இருக்கும்போது பயம் ஒதுங்கி நிற்கும் என்பதைச் சமைத்துப் பழகியவர்கள் அறிவார்கள்.

பத்து மணிக்குச் சுயும்கானும் மிர்சாவும் வந்தார்கள். கூடவே பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர். இரவெல்லாம் உறைபனி. குட்டையில் தண்ணீர் கண்ணாடியாகியிருந்தது. சுயும்கான் நேராக அடுப்பிடம் போனாள். குனிந்து பார்த்தாள். விரலை நக்கிக் கதவில் வைத்து, 'ஸ்' என்று இழுத்துக்கொண்டாள். கொப்பரை மூடியைத் தூக்கினாள். கறியின் ஆவி முற்றமெங்கும் பரந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டு, நெடுநேரம் மென்றாள்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள் கடைசியில். "யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான் அக்கா."

சுயும்கான் தன் கைப்பையிலிருந்து வாழ்த்தின் அடையாளமாகப் புதிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, ஜிபாரின் தோளில் போட்டாள். மிர்சா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனி இது தனி வீடு," என்றார். எல்லோரும் முகத்தைக் கைகளால் தடவி ஆமீன் சொன்னார்கள். முடிந்தது. எட்டு வருடம் முடிந்தது.

சமூதின் அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் யாரும் அவனைக் கண்டதில்லை. அடுப்பருகில் நின்று, சந்தையில் பார்த்த சக்கர அடுப்பைப் பற்றிக் கதை கட்டினான். "கொப்பரையோட ஓடிருச்சுண்ணே! பின்னாடியே துரத்துறேன்... நாரின் பாலத்துக்கிட்ட பிடிக்கிறேன், கறி வெந்திருச்சு!" முற்றமே குலுங்கிச் சிரித்தது. சுயும்கான்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜிபாரும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். அந்தக் குளிரில் சிரிக்கிற ஒவ்வொரு வாயிலிருந்தும் வெண்புகை எழுந்தது. மிர்சாவின் மீசையிலிருந்து. சுயும்கானின் விரலிடுக்கிலிருந்து. பக்கத்து வீட்டுக் கிழவரிடமிருந்து விட்டுவிட்டு. மேரிமின் சின்ன வாயிலிருந்து, குட்டிக் குட்டியாக.

சமூதின் பேசிக்கொண்டே இருந்தான். வாய் திறந்தது. மூடியது. உரக்கச் சிரித்தது.

அவன் முகத்துக்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது.

"அம்மா," என்று மேரிம் அவள் பாவாடையை இழுத்தாள். "அப்பா வாயிலேர்ந்து மட்டும் ஏன்..."

ஜிபார் ஒரு போர்சோக்கை எடுத்துக் குழந்தையின் வாயில் திணித்தாள். சுயும்கான் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமூதின் பக்கம் திரும்பப் போனாள்.

சுவரோரம் காயாத வறட்டிகள் அடுக்கியிருந்தன. ஜிபார் இரண்டை எடுத்து அடுப்பில் போட்டாள். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி முற்றத்தை மூடியது. யார் மூச்சு எது, அடுப்பின் புகை எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

"ஏய், கண்ணு போச்சுடி!" என்று சுயும்கான் இருமினாள். மிர்சா இருமினார். பக்கத்து வீட்டார் எல்லோரும் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள், குழந்தை இருமியது.

புகைக்கு நடுவே ஒரு குரல் மட்டும் தடங்கலின்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

ஜிபார் குனிந்து, இன்னும் ஓர் ஈர வறட்டியை எடுத்து வைத்தாள்.